கலவான: செவிசாய்க்கும் வீட்டைத் தேடி

இரத்தினபுரியிலிருந்து கலவானவுக்குப் போகும் பஸ், திரிவானகெட்டியவில் பிரதான வீதியை விட்டு நிவித்திகலப் பக்கம் திரும்புகிறது. வயல் நடுவே தார்ப்பாய்க் கூரை போட்ட இரத்தினக்கல் குழிகள் முதலில் வருகின்றன. அவற்றைத் தாண்டியதும் ரப்பர், தேயிலை, கமுகு, கித்துள் என்று பச்சை மாறி மாறி வருகிறது. வீதி வளைய வளைய, தெற்கே சிங்கராஜ வனத்தின் மலைவரிசை மேகத்துக்குள் மறைந்தும் தெரிந்தும் கூடவே வருகிறது. இலங்கையின் மிக ஈரமான பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பஸ் கண்ணாடியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டேதான் நான் கலவானவை முதலில் பார்த்தேன்.

என்னை இங்கே வரவைத்தது ஒரு கேள்வி. வாழ்பவரை அறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் வீடு என்ற கனவு, கட்டிடக் கலைஞர்களிடம் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. இன்று அந்தக் கனவைக் கடைகளில் விற்கிறார்கள். ஆள் நுழைந்ததும் எரியும் விளக்கு, கைபேசிக்குக் கட்டுப்படும் கதவு, வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் குளிரூட்டி என்று அது வந்து நிற்கிறது. இந்தக் கனவின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, இருப்பவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கட்டப்பட்ட வீடு ஒன்று நம் மண்ணிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அதுதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். நுவரெலியாப் பக்கத்து லயங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கலவான இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தின் தாழ்நாட்டுத் தோட்டங்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அங்கே இருப்பவர்கள், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, ரப்பரும் தேயிலையும் கலந்த சிறு சிறு தோட்டங்களில் சிதறி வாழும் தமிழர்கள். அவர்களுடைய லயத்தில் நின்றுகொண்டு அந்தக் கனவை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கலவான டவுனிலிருந்து முச்சக்கரவண்டியில் தோட்டத்துப் பாதை வரை போய், பிறகு ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தேன். மழை நாளில் பால் வெட்ட முடியாது. மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் பால் சிரட்டைக்குள் போகாமல் வழிந்து வீணாகும். அதனால் வெட்டுக்காரர்கள் லயத்தில் இருந்தார்கள். அன்றைக்குப் பேர், அதாவது நாட்கூலி, விழாது; ஆனால் பேசுவதற்கு நேரம் இருந்தது.

“உள்ள வாங்க தம்பி, நனையாதீங்க” என்று ஓர் அக்கா முன் திண்ணையான இஸ்தோப்பில் இடம் ஒதுக்கினார். அவருடைய தாயார், எழுபதைத் தாண்டிய பெரியம்மா, சிமெந்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். “வீட்டப் பாக்கத்தானே? பாருங்க. ஒவ்வொரு சொவத்துக்கும் ஒரு கத இருக்கு” என்றார் பெரியம்மா.

லயத்தின் பழைய அமைப்பு எல்லாத் தோட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா. அதன் முன்னால் ஒடுக்கமான ஓர் இஸ்தோப்பு. இப்படிப் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசையும் இருக்கும். அப்படிப்பட்ட காம்பராவுக்குப் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. ஒரு காம்பராவில் அடுப்பு மூட்டினால் புகை அடுத்ததற்குப் போகும், ஒரு காம்பராவில் அழுதால் கடைசிக் காம்பரா வரை கேட்கும், ஒன்றில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரியும். லய வரிசைகள் எரிந்துபோன செய்தியை மலையகத்தில் இன்றும் கேட்கிறோம்.

இந்த அளவுகளைத் தீர்மானித்தவர்கள் குடும்பத்தை மனதில் வைக்கவில்லை. 1820களில் கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் பருவம் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள் என்றே துரைமார் கணக்குப் போட்டார்கள். 1867க்குப் பிறகு தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பரவியபோது, ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது. குடும்பங்கள் நிலைத்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வீட்டின் அளவு மட்டும் கூலியாளைத் தங்கவைக்கும் கொட்டகைக்குரியதாகவே நின்றுவிட்டது.

அக்காவின் வீடு அந்த அளவுக்குள் அடங்கி நிற்கவில்லை. நடுச்சுவரைக் கூரை வரை உயர்த்தியது அவருடைய அப்பா. மண்கல் அறுத்து, மழையில்லாத மாதம் பார்த்துக் கட்டியிருக்கிறார். பின்னால் தகரம் இறக்கிக் குசினி போட்டது அக்காவின் கணவர். அதற்கு முன்பு இஸ்தோப்பின் ஒரு மூலையில்தான் அடுப்பு எரிந்திருக்கிறது. மூத்த மகள் பெரியமனுஷியானதும் இஸ்தோப்பின் பாதியைப் பலகை அடித்து மறைத்து அவளுக்கு அறையாக்கினார்கள். இளையவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். பகலிலும் இருட்டாக இருக்கிறதென்று கூரைத் தகரம் ஒன்றை எடுத்துவிட்டு வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறார்கள். அதன் நேர் கீழே அவனுடைய மேசை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு வாசற்படிக்குப் பக்கத்தில் சிமெந்துத் திண்டு வந்தது. கானைத் தாண்டப் பிடித்துக்கொள்ள ஒரு கமுகஞ்சலாகையும் கட்டப்பட்டது.

அடுத்த காம்பராவில் அக்காவின் தம்பி குடும்பம் இருக்கிறது. இரண்டு பின்தாழ்வாரங்களுக்கும் நடுவே இருப்பது சுவரில்லை, கழற்றி மாட்டக்கூடிய பலகைத் தட்டி. கல்யாணம், சடங்கு, இழவு என்றால் தட்டியைக் கழற்றிவிடுவார்கள். இரண்டு வீடு ஒரு வீடாகும். காரியம் முடிந்ததும் மறுபடி மாட்டிவிடுவார்கள்.

அந்தத் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து வீடொன்று நினைவுக்கு வந்தது. 1924இல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற கணவரை இழந்த பெண், மூன்று பிள்ளைகளோடு தான் வாழ விரும்பிய விதத்தைச் சொல்ல, கெரிட் ரீட்வெல்ட் என்ற தளபாடக் கலைஞர் அவரோடு சேர்ந்து வடிவமைத்த வீடு அது. மேல்மாடியில் நகர்த்தக்கூடிய தட்டிகள் வைத்தார்கள். பகலில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் ஒரே விசாலமான கூடம், இரவில் இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். நவீன கட்டிடக் கலையின் பெருமைமிக்க வீடுகளில் ஒன்றாக இன்று அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஷ்ரோடர் அம்மையாரும் கலவானத் தோட்டத்து அக்காவும் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: நாளுக்கும் பொழுதுக்கும் மாறும் குடும்பத்துக்கு வீடு எப்படி இடங்கொடுப்பது? முன்னவருக்கு நிலமும் பணமும் ஒரு கலைஞரும் துணை. பின்னவருக்குப் பலகையும் ஆணியும்தான் துணை.

ஷ்ரோடர் வீட்டுக்குப் பிறகு அந்தக் கேள்வி இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று இயந்திரத்தின் வழி. லண்டனில் 1960களின் தொடக்கத்தில் செட்ரிக் பிரைஸ் என்ற கட்டிடக் கலைஞரும் ஜோன் லிட்டில்வுட் என்ற நாடக இயக்குநரும் ‘ஃபன் பேலஸ்’ என்ற ஒன்றைக் கற்பனை செய்தார்கள். தரை, சுவர், படி எல்லாமே நகரும். வருகிறவர்கள் விரும்பியபடி பாரந்தூக்கிகள் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். சைபர்நெட்டிக்ஸ் அறிஞர் கோர்டன் பாஸ்க் அந்தத் திட்டத்தில் சேர்ந்து, கட்டிடமும் மனிதரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் உறவைப் பற்றி யோசித்தார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நிக்கலஸ் நெக்ரோபொன்டியின் குழு, வடிவமைப்பில் கணினியைக் கூட்டாளியாக்க முயன்றது. 1990களில் கொலராடோவில் மைக்கேல் மோசர் தன் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார். விளக்கையும் வெப்பத்தையும் வீட்டார் எப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து அந்த வீடு கற்றுக்கொண்டது.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது பிரைஸ் 1976 முதல் 1979 வரை வரைந்த ‘ஜெனரேட்டர்’ என்ற திட்டம். ஃபுளோரிடாவில் ஒயிட் ஓக் பிளான்டேஷன் என்ற பெருநிலத்துக்காக அது திட்டமிடப்பட்டது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடிக் கனசதுர அறைகள் பல. விருந்தினர் கேட்டபடியெல்லாம் ஒரு பாரந்தூக்கி அவற்றைத் தூக்கி இடம் மாற்றும். ஜான், ஜூலியா ஃப்ரேசர் தம்பதி அதற்கு எழுதிய கணினி நிரலில் விசித்திரமான ஒரு குணம் இருந்தது. நெடுநாள் யாரும் எதையும் மாற்றாமல் விட்டால் அதற்குச் சலிப்பு ஏற்படும், தானே புதிய அமைப்புகளை முன்மொழியும். அந்தக் கட்டிடம் கட்டப்படவே இல்லை.

ஒரு பெருந்தோட்டத்து நிலம், பன்னிரண்டடி அறைகள், வாழ்பவர் விருப்பத்துக்கேற்ப மாறும் ஏற்பாடு. அங்கே அது காகிதத்திலேயே நின்றது. இங்கே ஏறத்தாழ அதே அளவு அறையை, பாரந்தூக்கியும் கணினியும் இல்லாமல், மூன்று தலைமுறை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. கலவான லயத்தின் பின்தாழ்வாரத்தில் நின்றபோது, கட்டிடக் கலை வரலாற்றில் இடம்பெற வேண்டிய வேலை இது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

இரண்டாவது வழி, வாழ்பவர் கையில் முடிவைக் கொடுப்பது. 1961இல் நெதர்லாந்தின் யோன் ஹப்ராகன் ஒரு புத்தகம் எழுதினார். பொதுவான தூண், தளம், குழாய் ஆகியவற்றைச் சமூகம் கட்டித் தரட்டும், உள்ளே சுவரும் கதவும் எங்கே என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும் என்பது அவருடைய வாதம். பெரு நாட்டின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்த ஜான் டர்னர், மக்கள் தாங்களே கட்டும் வீடுகளை அரசு இடிக்காமல் அவற்றிலிருந்து பாடம் படிக்க வேண்டும் என்றார். இந்தூரில் 1980களில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு அந்தச் சிந்தனையை நம் பக்கத்தில் நிரூபித்தது. சுமார் 6500 மனைகள். ஏழைக் குடும்பத்துக்கு மனையோடு ஓர் அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும் தரப்பட்டன. மீதியை அவரவர் கையிருப்புக்கேற்ப ஆண்டுக்கு ஆண்டு கட்டிக்கொண்டார்கள். மாதிரிக்கு 80 வீடுகளை மட்டும் தோஷி கட்டிக் காட்டினார். 1995இல் அந்தத் திட்டத்துக்குக் கட்டிடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

ஆனால் இலங்கையர் இதற்கு இந்தூர் வரை போக வேண்டியதில்லை. ஆரண்யாவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே கண்டியில் ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார். 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டிடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டாபுளுவவில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம் அவரிடம் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனக் கலந்தவர்கள். அவர் வரைபலகையில் உட்காருவதற்கு முன்பு வினாத்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், வருமானம் எவ்வளவு என்று கேட்டார். பதில்களைக் கொண்டு பல வகை வீடுகளை வரைந்தார். சரிவான நிலத்தையும் மரங்களையும் அழிக்காமல் அவற்றை அமைத்தார். வாழ்பவரைக் கேட்டுவிட்டு வீடு வரைவது என்ற எண்ணம் மேற்கில் பெரிய விவாதமாக வளர்வதற்கு முன்பே நடந்த காரியம் இது.

மினெட்டின் தாயார் ஆக்னஸ் டி சில்வாவை மலையகத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அதன் முன் சென்ற குழுவில் அவர் இருந்தார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழுத் தலைவர் வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் ஆக்னஸ் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மகள் கட்டிடக் கலைஞராக அங்கீகாரம் பெற்ற அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தாய் கேட்ட வாக்கும் பறிபோயிற்று. மகள் கேட்ட கேள்வி தோட்டத்து லயத்தின் வாசலுக்கு வந்து சேரவே இல்லை.

பெரியம்மாவிடம், ஏன் சிமெந்துச் சுவர் கட்டவில்லை என்று கேட்டேன். “கட்டலாந்தான். எப்ப போகச் சொல்வாங்களோன்னு பயம். எழுபத்தேழுல ஓடுனோம், எம்பத்தொண்ணுல ஓடுனோம். திரும்பி வந்து பாத்தா தகரங்கூட இல்ல. எங்க மாமா குடும்பம் இந்தியாவுக்கே போயிட்டாங்க” என்றார். 1977லும் 1981 ஆகஸ்டிலும் தமிழருக்கு எதிரான வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று கணக்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தன. நாளை இருப்போமா என்று தெரியாதவர் தகரத்தையும் பலகையையும்தான் நம்புவார். அவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

அக்கா இன்னொன்றையும் சொன்னார். “தகரம் அடிச்சா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க தம்பி. கல்லு வச்சாத்தான் கேள்வி வரும். வீடு எங்க பேருல இல்லையே.” எந்தத் தோட்டம், யார் துரை என்பது இங்கே முக்கியமில்லை. நான் பேசிய எல்லோரும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நிலம் 1970களில் அரசுடைமையானது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. லயத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டு மாற்றங்களிலும் காணி உறுதி கிடைக்கவில்லை.

இலங்கையில் 1984 முதல் 1989 வரை நடந்த பத்து லட்சம் வீடுகள் திட்டத்தை உலகம் இன்றும் பாராட்டுகிறது. அரசு வீடு கட்டிக் கொடுப்பதை நிறுத்தி, குடும்பத்துக்குச் சிறு கடனும் தொழில்நுட்ப உதவியும் தந்து, எப்படிக் கட்டுவது என்பதை அவர்களிடமே விட்டது. 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் இலங்கை முன்வைத்த யோசனையின் பேரில்தான். கலவானவைச் சுற்றியுள்ள கிராமங்களில், சொந்தக் காணியில் ஓர் அறையில் தொடங்கி இன்று விறாந்தையும் மேல்மாடியுமாக வளர்ந்து நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். காணி இருந்தவருக்குக் கடன் வீடாக மாறியது. காணியே இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. ஒரே மழை, ஒரே மண், நடுவே ஒரு தேயிலைச் சரிவு. இந்தப் பக்கத்து வீடு வளர்ந்தது, அந்தப் பக்கத்து வீட்டைத் தகரத்தால் நீட்டினார்கள்.

மறுநாள் சிங்கராஜவின் குடாவ வாசல் பக்கம், வெத்தாகல வழியாகப் போனேன். 1988இல் உலகப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்ட காடு. காட்டைப் பார்க்க வரும் பயணிகளுக்காகக் கலவானவைச் சுற்றி விடுதிகள் எழுந்திருக்கின்றன. அவற்றில் பவுல்டர் கார்டன் என்ற விடுதி, இராட்சதப் பாறைகளை உடைக்காமல் அவற்றின் இடுக்கிலும் நிழலிலும் கட்டப்பட்டது. பாறை எங்கே சாய்கிறதோ அங்கே கூரை முடிகிறது. பாறைக் குடைவு ஒன்றே சாப்பாட்டுக் கூடம். சப்ரகமுவவின் குகைகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதைக் குருவிட்டவின் பட்டதொம்ப லெனவும் கித்துள்கலவின் பெலி லெனவும் காட்டுகின்றன. அந்தப் பழைய அறிவின் தொடர்ச்சி போல அந்த விடுதி எனக்குத் தெரிந்தது. இடத்துக்குச் செவிசாய்க்கும் திறமை நம் வடிவமைப்பாளர்களிடம் நிறையவே இருக்கிறது. பாறைக்குக் கொடுத்த அந்தக் கவனத்தில் பாதியைத் தோட்டத்துக் குடும்பத்துக்குக் கொடுத்தாலே போதும்.

இந்தப் பகுதியில் வீடு என்று பேசினால் மண்சரிவைப் பேசாமல் இருக்க முடியாது. 2003 மேயிலும் 2017 மேயிலும் கலவானப் பிரதேசம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் கடுமையாக அடிபட்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். சரிவில் விழும் மழையை அளந்து வாழ்பவருக்குச் செய்தி சொல்லும் இந்த ஏற்பாடு உயிர் காக்கிறது. அக்கா வீட்டில் மழை இரவுகளில் யாராவது ஒருவர் விழித்திருப்பார். பின்னால் உள்ள மண்மேட்டில் வெடிப்பு தெரிகிறதா, கானில் வரும் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்குகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

எச்சரிக்கை வந்த பிறகு எங்கே போவது என்பதுதான் கேள்வி. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிவிப்பும் இருந்தது. அந்த மக்கள் எழுந்து போய்க் குடியேற ஒரு துண்டு நிலம் மட்டும் இருக்கவில்லை. எத்தனை நுண்ணிய கருவியைச் சுவரில் பதித்தாலும், அது சொல்வதைக் கேட்டு நடக்கும் சுதந்திரம் வீட்டாருக்கு இல்லையென்றால் பயனில்லை. மீரியபெத்தை கற்றுத் தந்த பாடம் இது.

இப்போது நிலைமை கொஞ்சம் அசையத் தொடங்கியிருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் மலையகத்தில் தனி வீடுகள் எழுகின்றன. ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்பது பழகிப்போன கணக்கு. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1900 சதுர அடி. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் 4000 வீடுகளுக்கான திட்டம் வந்தது. 2017 மேயில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இதைப் பெற்றுத் தரப் பாடுபட்ட எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் அந்த வரைபடங்களைப் பார்க்கும்போது மினெட்டின் வினாத்தாள் நினைவுக்கு வருகிறது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடு. விறகு அடுப்புக்கு இடம் எங்கே? நனைந்த கம்பளியும் ரப்பர் பால் படிந்த உடுப்பும் எங்கே காயும்? அண்ணன், தம்பி வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் வருமா? நாளை மகன் கல்யாணம் முடித்தால் எந்தச் சுவரை நீட்டுவது, அந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்குமா? இந்தக் கேள்விகளுக்கு அக்காவிடமும் பெரியம்மாவிடமும் தயாராகப் பதில் இருக்கிறது. தட்டியைக் கழற்றி மாட்டும் குடும்பம், கூரையில் வெளிச்சத்துக்கு வழி வைக்கும் குடும்பம், முழங்கால் வலிக்குத் திண்டு கட்டும் குடும்பம் அது. வடிவமைப்பில் அவர்களுக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

மழை விட்டதும் புறப்பட்டேன். “புது வீடு வந்தா எப்படி வேணும்?” என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். அவர் அறைகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. “எங்க பேருல இருக்கணும் தம்பி. அப்புறம் நாங்க பாத்துக்குவோம்” என்றார்.

செவிசாய்க்கும் வீட்டைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் அந்தப் பதிலோடு வைத்துப் பார்க்கிறேன். ரீட்வெல்ட், பிரைஸ், ஹப்ராகன், தோஷி, மினெட் எல்லோரும் வேறு வேறு வழியில் தேடியது, வாழ்பவர் சொல்லுக்கு வீடு இணங்க வேண்டும் என்பதைத்தான். இயந்திரம் அதற்கு உதவலாம். ஆனால் முதல் நிபந்தனை, அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க வாழ்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது. அந்த உரிமையைத் தருவது உறுதிப்பத்திரம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டுத் திட்டங்களை நடத்தும் அரசுக்கும் நிறுவனங்களுக்கும்: சாவியோடு சேர்த்து உறுதியையும் கொடுங்கள். அதைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். சப்ரகமுவவின் சிறு தோட்டங்களைக் கடைசி வரிசையில் தள்ளாதீர்கள். கட்டிடக் கலை படிக்கும் பிள்ளைகளுக்கு: மொறட்டுவையிலோ சென்னையிலோ வரைபலகையில் உட்காருவதற்கு முன்பு, கலவானப் பக்கத்து லயமொன்றுக்கு ஒரு மழைநாளில் போங்கள். கையில் வரைபடம் வேண்டாம், வினாத்தாள் கொண்டுபோங்கள். மூன்று தலைமுறையாக வீட்டைத் திருத்தி எழுதிவரும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள்.